பிறந்த தேதிக்குப் போகும் வழி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘அலசல் அம்மா’. இணையப் பக்கங்களுக்கு முகம் கட்டுவது அவள் வேலை. எதையும் பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம். திங்களோடு சோதனைக் காலம் முடிகிறது. அவளிடம் ஒப்படைத்த கண் மருத்துவமனையின் முன்பதிவுப் படிவம் அன்று ஒழுங்காக நின்றால் வேலை நிரந்தரம், சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

படிவத்தில் பிறந்த தேதியைக் குறிக்க ஒரு நாட்காட்டி வேண்டும். யாரோ எழுதி இலவசமாகப் போட்டுவைத்த ஆயத்த நிரல்கள், அதாவது லைப்ரரிகள், இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது சொந்தமாக எழுதுவானேன்? பதினொன்றை இறக்கினாள். எடை, வேகம், எத்தனை பேர் நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று துருவித் துருவிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் ஒன்று தேறியது. மாதங்கள் அதில் வெண்ணெயாய் வழுக்கின.

ஞாயிறு மதியம், கண்புரை உள்ள மாமியாரிடம் போனை நீட்டினாள்.

“அத்தை, உங்க பொறந்த தேதியைப் போடுங்க.”

மாமியார் இடது அம்புக்குறியைத் தட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு மாதம் பின்னால் போனது. தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார்.

“இப்பதான் உன் புருஷன் பொறந்த வருஷமே வந்திருக்கு. இன்னும் என் கல்யாணத்தைத் தாண்டணும், பள்ளிக்கூடத்தைத் தாண்டணும். நான் பொறக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கே!”

“மேல வருஷம் இருக்கு பாருங்க, அதைத் தட்டினா தாவிடும்.”

“அது தட்டறதுன்னு யாருக்குத் தெரியும்? அவ்வளவு பொடி எழுத்தைப் படிக்க முடிஞ்சா நான் ஏம்மா கண் டாக்டர்கிட்ட போறேன்?”

அவள் மனக்கணக்குப் போட்டாள். எழுபத்தொரு வயதுக்கு எண்ணூற்றைம்பத்திரண்டு தட்டு! பதினொரு லைப்ரரியையும் அவள் சோதித்தது அன்றன்றைய தேதியைத் தட்டித்தான். பொறுக்கியெடுத்ததைத் தூக்கிவிட்டு, நாள், மாதம், வருடம் என்று பெரிய எழுத்தில் மூன்று வெறும் பெட்டிகளை வைத்தாள்.

திங்கள் காலை மேலாளர் முகம் சுளித்தார்.

“ஒன்பது நாள் தேடிட்டு, லைப்ரரியே வேண்டாங்கிறியா? விளையாடறியா?”

“உங்க பொறந்த தேதியை ரெண்டுலயும் போட்டுப் பாருங்க சார்.” பெட்டிகளையும் பழைய நாட்காட்டியையும் அவர் முன் திறந்து வைத்தாள்.

பெட்டிகளில் சட்டென்று முடிந்தது. நாட்காட்டியில் அவரும் அம்புக்குறியையே தட்டினார். முப்பதாவது தட்டில் நிமிர்ந்தார்.

“யார் கண்டுபிடிச்சது?”

“எங்க அத்தை சார்.”

“அப்ப வேலையை அவங்களுக்கே குடுத்துடலாமா?”

அவள் முகம் வெளுத்தது.

“சும்மா சொன்னேன்மா! மூணு பெட்டியே இருக்கட்டும். மத்தியானம் வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்க.”

“மத்தியானம்னா, சரியா எத்தனை மணிக்கு சார்?”