தானே திறக்கும் டிக்கி

என் மாமா தேவசிகாமணிக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதை ஒரு வியாதி மாதிரித்தான் வைத்திருந்தோம்.

சேரன்மகாதேவியில் அவர் டாக்ஸி ஓட்டினார். ஐம்பத்தாறாம் வருசத்து லேண்ட்மாஸ்டர். மாமாவைவிடப் பத்து வயது சின்னது, இருமல் மட்டும் அவரைவிட அதிகம்.

"திருநெல்வேலிக்கு ஒம்பது மணிக்குள்ள போயிருவமா அண்ணாச்சி?" என்று ஏறி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள்.

"போகமாட்டோம்."

"பஸ்ல போனா?"

"போயிரலாம்."

அவர்கள் இறங்கி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். மாமா கையை வேறு ஆட்டி அனுப்புவார். ஒருமுறை பெண்ணைப் பெற்றவர் ஒருவர் சும்மா பேச்சுவாக்கில், "மாப்பிள்ளப் பையன் ஒம்ம ஊருதானவே, ஆளு எப்படி?" என்று கேட்டுவிட்டார். மாமா வண்டியை ஓரமாக நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வந்து வண்டியின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். "கேட்டாருல்லா, சொன்னேன்" என்றார் அத்தையிடம். அத்தை கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டே, "அடுத்த தடவ காது கேக்காதுன்னாவது சொல்லுங்க" என்றாள். "அதும் பொய்யில்லா?" என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்பில் ரெண்டு வருசம் இருந்து பார்த்தேன், ஒத்துவரவில்லை. மாமா வீட்டில் தங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எழுத்து என்னோடு சேரவில்லை. வயர் சேர்ந்தது. தெருவில் பாதிப் பேருடைய ஹாரன் ராத்திரி தானாக அலறியதற்கு நான்தான் காரணம் என்று ஒரு வதந்தி உண்டு. மாமாவிடம் யாரும் கேட்காததால் அது வதந்தியாகவே இருக்கிறது.

மாமாவுக்கு ஒரு நிரந்தரச் சவாரி, கோமு மாமி. அக்ரகாரத்தில் தனியாக இருப்பவர். திவசச் சமையல்தான் அவருக்குத் தொழில். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும், யார் வீட்டில் அப்பா அம்மாவுக்குத் திவசம் என்றாலும் மாமியைக் கூப்பிடுவார்கள். அவருடைய பாத்திரம், அரிசி, மாற்றுப்புடவை எல்லாம் டிக்கியில்தான் போகும். போய் இறங்கியதும் மாமி கிணற்றில் தலையோடு குளிப்பார். அதற்குப் பிறகு சமையல் முடிகிறவரை அவர் மடி. அவரையும் அந்தப் பாத்திரத்தையும் வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் பாத்திரத்தை முதலிலிருந்து தேய்க்க வேண்டும், மாமி முதலிலிருந்து குளிக்க வேண்டும்.

சங்கடம் டிக்கியில் இருந்தது. எல்லோரும் ஏறி இறங்கும் வண்டியை, குளித்த பிறகு மாமி தொடமாட்டார். மாமா கைப்பிடியைத் திருகித் தூக்கி, உள்ளே கையை விட்டு ஒரு கம்பியை முட்டுக்கொடுத்தால்தான் மூடி நிற்கும். கை பாத்திரங்களுக்கு மேலேதான் போயாக வேண்டும். எத்தனையோ வருசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படித் தூக்கியிருக்கிறார். ஒரு ஐப்பசியில் அவருடைய முழங்கை ஒரு வெண்கலப் பானையை லேசாக உரசிவிட்டது. மாமி அப்போது கிணற்றடியில் இருந்தார். பார்த்தவர் யாருமில்லை. இவர் போய், "மாமி, பட்டுட்டு" என்று சொல்லிவிட்டார்.

மாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. மழையில் எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தார், மறுபடி குளித்தார், சமைத்தார். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஒரு நாளில் ரெண்டாம் குளியல் என்றால் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பம்பாயில் இருக்கும் மகன் ஸ்ரீராகவ் வந்து, இன்னொரு தடவை படுத்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அங்க போய் நான் யாருக்குச் சமைக்கறது? அவா பிரெட் சாப்பிடறா" என்றார் மாமி வண்டியில் வரும்போது. மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். "ஏலே ஹெப்ரான், டிக்கியக் கைவைக்காமத் தொறக்க வழி உண்டா?"

"உண்டு. நசுங்கின மாருதியில கதவுப் பூட்டு மோட்டார் கெடக்கு. ஸ்டீரிங் பக்கத்துல ஒரு சுவிட்ச். ரெண்டு ஸ்பிரிங் போட்டா மூடி தன்னால எந்திரிச்சு நிக்கும். எதுக்கு மாமா?"

சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"ஒங்க கை பட்டா அவியளுக்கு ஆகாது. அதுக்கு நீங்களே காச போட்டு ஒங்க கைய எடுக்கச் சொல்லுதியளாக்கும்?"

"அவிய நம்பிக்க அவியளுக்கு."

"ஒங்களுக்கு வலிக்கலையா?"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். அவரிடம் இதுதான் தொல்லை, கேள்வி கேட்டால் நிஜமாகவே பதிலைத் தேடுவார். "வலிக்கத்தான் செய்யுது" என்றார். "ஆனா அந்த அம்மா ஆஸ்பத்திரியில மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தா பாரு, அது இதவிட வலிக்குலே. ரெண்டாம் தடவ குளிக்கக்கூடாது. அவ்வளவுதான். செஞ்சு குடு."

செய்தேன். ரெண்டு நாள் வண்டிக்கு அடியில் கிடந்தேன். பூட்டின் நாக்கில் துருவைச் சுரண்டி, கிரீஸ் போட்டு, மோட்டாரை ஒரு பட்டையில் வைத்து முடுக்கினேன். சுவிட்சை அமுக்கினால் டிக்கி 'டொக்' என்று விட்டு, கோயில் கதவு மாதிரி பைய எழுந்து நின்றது. சும்மா விட மனசில்லாமல், மாருதியில் இருந்த ரிவர்ஸ் மியூசிக்கையும் அதே வயரில் கோத்துவிட்டேன். மூடி எழும்போது கிறிஸ்துமஸ் மணி மெட்டு பாடும்.

சோதித்துப் பார்க்க மாமி வந்தார். மூடி எழுந்தது, மணி பாடியது.

"இது எதுக்குடா?"

"ஒரு மங்களமா இருக்கட்டும்னு மாமி."

"அசடே, திவசத்துக்குக் காக்காய் வரணும். இந்தக் கூத்தைக் கேட்டா ஊர்க் காக்காய் எல்லாம் அம்பாசமுத்திரம் போயிடும். பிடுங்கு."

பிடுங்கினேன். மாமி குனிந்து மோட்டாரைப் பார்த்தார். "இந்தக் கம்பியில வரதே, அந்தக் கரண்டை யாரும் தொடலையே?"

"தொட்டா ஆளத் தூக்கி எறிஞ்சிரும் மாமி."

"பன்னண்டு வோல்ட்டா எறியும்? எங்காத்துக்காரர் எலெக்ட்ரிக் ஆபீஸ்ல இருந்தவர்டா." சிரித்துவிட்டார். பிறகு கைப்பிடியைக் காட்டினார். "இதையும் எடுத்துடு. கைப்பிடின்னு ஒண்ணு இருந்தா, போறவன் வர்றவன் கை அதுல வரத்தான் செய்யும்."

கைப்பிடியைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தேன். பேட்டரி படுத்தால் என்ன செய்வது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் கையை விலக்குவதிலேயே கவனம்.

வெயில் காலம் முழுக்க டிக்கி தானே திறந்தது. மாமா சுவிட்சை அமுக்கிவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்பார். மாமி வந்து எடுத்துக்கொள்வார். மூச்சைப் பிடிக்க வேண்டிய வேலை மாமாவுக்கு இல்லாமல் போயிற்று.

கார்த்திகையில், பெருமாள்புரத்தில் பாங்கில் வேலை பார்க்கும் ஜெயராம் என்பவர் வீட்டில் அவர் அப்பாவுக்குத் திவசம். விடிந்ததிலிருந்து மழை. விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டே வந்தோம். வழியில் பெல்ட் ஈரத்தில் வழுக்கி, டைனமோ சார்ஜ் ஏற்றவேயில்லை. நானும் அன்று கூட இருந்தேன். மாமி இறங்கி, பின்பக்கக் கிணற்றில் குளித்துவிட்டு, ஈரப்புடவையோடு தாழ்வாரத்தில் வந்து நின்றார். மாமா சுவிட்சை அமுக்கினார்.

'டிக்' என்றது. அவ்வளவுதான். இன்னொரு தடவை அமுக்கினார். அந்த 'டிக்'கும் இல்லை.

ஜெயராம் வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய் பேட்டரி கழற்றிக்கொண்டு வர அரை மணிக்கு மேல் ஆகும். உள்ளேயிருந்து, திவசம் செய்துவைக்க வந்த ஸ்வாமிநாத வாத்தியார், "நாழியாறது, அடுப்பு மூட்டியாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"மாமி, உள்ள போயி எதையாவது மாத்தி உடுத்துங்க" என்றார் மாமா.

"எதை? மாத்துப்புடவை டிக்கியிலன்னா இருக்கு."

மாமிக்கு உதடு நீலமாகியிருந்தது. பல் கிட்டிப் பேசினார். மாமா அப்படி நிலைகொள்ளாமல் நின்று நான் பார்த்ததில்லை. தகட்டை நகத்தால் பிறாண்டிப் பார்த்தார், நானே அடித்த தகடு, லேசில் வராது.

"பின்சீட்டக் கழத்தினா, பலகைக்கு அங்கிட்டு டிக்கிதான்" என்றேன். "நான் நொழஞ்சிருவேன். உள்ள போயி பூட்டு நாக்க இழுத்தாப் போதும்."

நுழையலாம். ஆனால் அந்தப் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு பூனை கூட எதையும் தொடாமல் போகமுடியாது. தொட்டால் தேய்ப்பு, அதன் பிறகு ரெண்டாம் குளியல்.

மாமி கடைசியில் சொன்னார். "ஒல்லியாத்தானேடா இருக்கே. எதையும் தொடாமப் போ."

மாமா என்னைப் பார்த்தார். திரும்பி, வாசல் கேட்டுக்குப் போய், தெருவைப் பார்த்து மழையில் நின்றுகொண்டார்.

நான் நுழைந்தேன். உள்ளே இருட்டு. புளியும் பசுநெய்யும் நனைந்த வாழையிலையும் கலந்த வாசனை. ஒரு பானையின் விளிம்பு விலாவில் குத்தியது. ஒரு கை அரிசி மூட்டை மேல், ஒரு முழங்கால் உருளிக்குள். அந்த டிக்கியில் நான் தொடாத பொருள் ஏதாவது உண்டா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாக்கை இழுத்தேன். மூடி எழுந்தது. அவசரமாகப் பின்னாலேயே ஊர்ந்து சீட்டுப் பக்கம் வெளியே வந்தேன்.

மாமி தாழ்வாரத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். சட்டை முழுக்க அரிசிமாவு.

"தொட்டியாடா?"

"இல்ல மாமி."

"ஒண்ணையும்?"

"ஒண்ணையும்." எனக்கு இது பழக்கமான வேலை. ஆனால் அன்றைக்கு என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

மாமி என் சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். "தேவசிகாமணி, உம்ம மருமகன் தொடலைங்கறான். நீர் சொல்லும்."

இந்த மனுசன் பட்டுட்டு என்பார். மாமி கிணற்றுக்குப் போவார். ஸ்ரீராகவ் வருவான், பம்பாய் ரயிலில் ஏற்றிவிடுவான்.

மாமா நனைந்துகொண்டே வந்தார். மாமியின் உதட்டைப் பார்த்தார், சொட்டும் ஈரப்புடவையைப் பார்த்தார். என் சட்டைப் பக்கம் மட்டும் அவர் கண் வரவேயில்லை.

"நான் தெருவப் பாத்து நின்னேன் மாமி. பாக்கல."

"பாக்கலையா?"

"பாக்கல."

மாமி தலையை ஒருமுறை ஆட்டினார். "நீர் பாக்கலைன்னா சரி" என்று குனிந்து, மாற்றுப்புடவையை எடுத்தார். பிறகு, என் விலாவில் குத்திய அதே பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று அவர் ஒரு தடவைதான் குளித்தார். காய்ச்சல் வரவில்லை. அடுத்த வாரம் கல்லிடைக்குறிச்சியில் சமைக்கப் போனார்.

வீடு திரும்பும் வழியில் நான் ஒரு சிரிப்பு விட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவர் முழங்காலில் இருந்தார். அத்தை என்னைக் கிள்ளி, "என்னலே, ஒங்க மாமா என்ன பண்ணிட்டு வந்திருக்காவ?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல அத்த" என்றேன். "தெருவப் பாத்துக்கிட்டு நின்னாவ."

அதற்கு எதற்கு இவ்வளவு நேர ஜெபம் என்று அத்தைக்குப் புரியவில்லை. நானும் அவர் பக்கத்தில் போய் முழங்காலிட்டேன். அவர் முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.