ஏர்போர்ட் வண்டி

துபாய் ஏர்போர்ட்டில் இறங்கி ஷார்ஜாவுக்கு அதிகச் செலவில்லாமல் வந்து சேருவது எப்படி என்று கேட்டால், ஷார்ஜாவின் ரோலா பக்கத்துத் தமிழ் ஆட்கள் வைரவனின் நம்பரைக் கொடுப்பார்கள். வைரவனுக்குச் சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம். ஷார்ஜாவில் குழாயும் பீங்கான் சாமானும் விற்கிற கடை ஒன்றில் டெலிவரி டிரைவர்.

அவர் வந்த அன்று கம்பெனி ஆள் வந்து கூட்டிப் போவான் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். யாரும் வரவில்லை. பாஷை தெரியாது, இடம் தெரியாது. கடைசியில் ஒரு டாக்ஸியில் ஏறினார். கடை இருக்கும் தெரு டிரைவருக்கும் தெரியவில்லை. ஷார்ஜா முழுக்கச் சுற்றிக் கடை வாசலில் இறங்கியபோது, ஊரிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த பணமெல்லாம் மீட்டருக்கே போயிருந்தது. அந்த நகர் மீது அவருக்கு முதலில் ஏற்பட்ட உணர்ச்சி ஆத்திரம்தான்.

சில வருஷங்கள் கழித்து, விசா முடிந்து ஊருக்குப் போன ஒரு மலையாளியின் பழைய நிசான் சன்னியை வாங்கினார். முதலில் ரூம் ஆட்களை மட்டும்தான் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தார். பிறகு அவர்களுடைய சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சிநேகிதர்கள். டாக்ஸிக்கு ஆவதில் பாதிதான் வாங்குவார். தனி ஆள் யாராவது கூப்பிட்டால், “ஒரே பெட்டிதானே? வெளிய வந்தா தேராவுக்கு பஸ் இருக்கு. அங்க இறங்கி ஷார்ஜா வண்டி மாறிக்கங்க. எதுக்கு எனக்குக் காசு குடுக்கிறீங்க?” என்று சொல்லிவிடுவார். குழந்தைகளும் நாலைந்து பெட்டிகளுமாக வரும் குடும்பங்களுக்குத்தான் அவருடைய வண்டி.

சொந்தக் காரில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது அங்கே சட்டப்படி தப்பு. அது வைரவனுக்குத் தெரியும், ஏறுகிறவர்களுக்கும் தெரியும். சிநேகிதரை ஏற்றிப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஏறுகிற எல்லோரிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லி வைப்பார். “யாராச்சும் கேட்டா எம்பேரு வைரவன், தெரிஞ்சவருன்னு சொல்லுங்க. அது போதும்.”

சிவசங்கரனிடமும் அதைப் பலமுறை சொல்லியிருந்தார். சிவசங்கரன் சென்னைக்காரர், ஒரு கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் என்ஜினியர். துபாயைவிட வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருந்தார். லைசென்ஸ் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றதால் கார் இல்லை. மனைவி ஷியாமளா, மகள் சம்யுக்தா. கோடை லீவுக்குச் சென்னை போவதும் வருவதும் வைரவனின் வண்டியில்தான். குழந்தை சீட்டில் வாந்தி எடுத்தால் வைரவனே துடைத்துவிட்டு, “புள்ளைய வையாதீங்கம்மா” என்பார். சிவசங்கரனின் அப்பா இறந்த செய்தி வந்த அன்று, டெலிவரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அவரை ஃபிளைட்டுக்குச் சேர்த்தார். அன்று காசு வாங்கவில்லை. “துட்டிக்குப் போறவர்ட்ட வாங்குவாங்களா சார்” என்றார். அதற்காக முதலாளியிடம் வாங்கிய திட்டைப் பற்றி சிவசங்கரனிடம் சொல்லவும் இல்லை.

2007ஆம் வருஷம் ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷியாமளாவும் குழந்தையும் சென்னையிலிருந்து வந்தார்கள். சிவசங்கரனும் வைரவனும் சேர்ந்துதான் அழைக்கப் போனார்கள். கார் பார்க்கிங்கில் அனல் அடித்தது. வைரவன் பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சாதாரண உடுப்பில் இருந்த இரண்டு பேர் வந்து போலீஸ் அட்டையைக் காட்டினார்கள். ஒருவர் வைரவனைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனார். மற்றவர் சிவசங்கரனிடம் நின்றார்.

“இவர் உங்களுக்கு யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை.

“டிரைவர்.”

“உங்கள் டிரைவரா? பெயர் என்ன?”

சிவசங்கரனுக்குப் பெயர் வரவில்லை. ஐந்து வருஷமாக ‘டிரைவர்’ என்றும், போனில் ‘ஹலோ, நாளைக்கு வண்டி வருமா’ என்றுமே பேசியிருந்தார். அவசரமாக மொபைலை எடுத்துத் தேடினார். அதில் வைரவனின் நம்பருக்கு மேல் ‘ஏர்போர்ட் கார்’ என்று இருந்தது. அதிகாரியும் அதை எட்டிப் பார்த்தார்.

“அவரு பேரு வைரவன்” என்றாள் ஷியாமளா. “எங்களுக்கு ரொம்ப நாளா தெரிஞ்சவர்.” அதையே ஆங்கிலத்தில் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் சிவசங்கரன் திரும்பினார்.

“நீ பேசாதே. விசா மேட்டர் இது.”

அதற்குப் பிறகு கேட்டதற்கும் மேலாகவே சொன்னார். ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுப்பார், எத்தனை வருஷமாகக் கொடுக்கிறார், இன்னும் யார் யாரெல்லாம் இந்த வண்டியில் வருகிறார்கள் என்பது வரை. இது சட்டத்துக்கு விரோதம் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னார். சற்றுத் தள்ளி நின்ற வைரவனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் சிவசங்கரன் கையை ஆட்டிப் பேசிய விதத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

வண்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். யாரும் சொல்லாமலே வைரவன் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி டிராலியில் வைத்தார். சிவசங்கரன் டாக்ஸி வரிசை எந்தப் பக்கம் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வொய் இஸ் அங்கிள் நாட் கமிங்?” என்றாள் சம்யுக்தா.

ஷியாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்ஸி வரிசைப் பக்கம் நடந்தாள்.

சன்னியைப் பறிமுதல் செய்தார்கள். அபராதம் அந்தக் காரின் விலையைவிட அதிகம். அத்துடன் முடிந்திருந்தால் வைரவன் சமாளித்திருப்பார். விசா கடையின் பேரில் இருந்ததால் விசாரணை கடைக்கும் வந்தது. மேனேஜர் பாகிஸ்தானி, தங்கமான மனுஷன். அவராலும் ஒன்றும் முடியவில்லை. “வைரவன் பாய், முதலாளி கலாஸ், முடிஞ்சதுன்னு சொல்லிட்டார். போலீஸ் பேப்பர்ல கடை பேரு வந்தா அவருக்கு ஆகாது” என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ரூமில் உடன் இருந்த கீழக்கரை மீராசாதான் யோசனை சொன்னார். “மாப்ள, அந்த என்ஜினியர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். தெரிஞ்சவருதான், பதட்டத்துல ஒளறிட்டேன்னு முதலாளிகிட்ட சொன்னா அந்த மனுசன் கேப்பாரு. படிச்சவன் பேச்சுக்கு மதிப்பு இருக்குல்ல.”

வைரவனுக்குப் போக மனமில்லை. ஆனாலும் போனார். சிவசங்கரன் கதவைப் பாதி திறந்து, பிறகு தானே வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். லிஃப்ட் பக்கம் நின்று பேசினார்கள்.

“நான் வந்து என்ன சொல்றது? ஸ்டேட்மெண்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்திச் சொன்னா என்னையும் பிடிப்பாங்க. எனக்கும் ஃபேமிலி இருக்கு இல்லையா?”

“போலீஸ்ல வேண்டாம் சார். எங்க முதலாளிகிட்ட மட்டும்.”

“அங்க போனா மட்டும் பொய் இல்லையா? நீங்க காசு வாங்கினீங்க, நான் கொடுத்தேன். அன்னைக்கு நான் பொய் சொல்லியிருக்கணும்ங்கறீங்களா?”

“பொய் சொல்ல வேணாம் சார். பேரச் சொல்லியிருக்கலாம்.”

சிவசங்கரன் முகம் கறுத்தது. “வேற ஏதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லுங்க” என்றபடி உள்ளே போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வைரவன் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். ஒவ்வொரு மாடியாக இறங்க இறங்க, தான் கேட்கப் போனதே கேவலமாகத் தோன்றியது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று பிறகு மீராசாவிடம் சொன்னார்.

விசா கேன்சலுக்கு வைரவன் கையெழுத்துப் போட்ட அன்று ஷியாமளா போன் செய்தாள்.

“அண்ணா, அவர் பயந்துட்டார். எனக்குத் தூக்கமே இல்லை. மனசுல வச்சுக்காதீங்க.”

“சரிங்கம்மா.”

“நீங்க எங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க.”

“சரிங்கம்மா.”

“இல்ல, எங்க அம்மா அடுத்த மாசம் வர்றாங்க. உங்களை மாதிரி நம்பிக்கையா வேற யாராவது வண்டி வச்சிருக்காங்களா?”

வைரவனுக்குத் தெரிந்து நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் நம்பர் மனப்பாடமாகவே தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

“டாக்ஸியில கூட்டிட்டு வாங்கம்மா. வரிசையில நின்னா கிடைக்கும்.”

ஊருக்கு வந்து ஏழெட்டு மாதம் சும்மா இருந்தார். மனைவி சந்திரகலாவிடம் வேலை போன காரணத்தைக் கடை நஷ்டம் என்று சொன்னார். அவள் நம்பினாளா என்று தெரியாது. ஒருநாள் அவளே, “அங்க ஒரு என்ஜினியர் சார் ரொம்பப் பழக்கம்னு சொல்வீங்களே, அவருகிட்டச் சொல்லிப் பாத்தா என்ன?” என்று கேட்டாள். வைரவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுபடி விசா கிடைத்தது ஓமானில். சோஹார் துறைமுகத்தில் டிப்பர் லாரி. சம்பளம் பழையதைவிடக் குறைவு. ஊரிலிருந்து ஆட்கள் மஸ்கட்டில் வந்து இறங்கினால், இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தொழிலாளர் கேம்ப்புக்கு வந்து சேருவதற்குள் திண்டாடிப் போனார்கள். “அண்ணே, உங்களுக்கு ரோடெல்லாம் பழக்கமாயிடுச்சு. பழைய கார் ஒண்ணு வாங்கிப் போட்டீங்கன்னா எல்லாருக்கும் உபகாரமா இருக்கும்” என்று கேம்ப்பில் பன்னீர்செல்வம் என்பவர் கேட்டார். வைரவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“டூட்டி இருக்கு” என்றார்.

அடுத்த மாதம் பன்னீர்செல்வத்தின் மச்சான் மஸ்கட்டில் வந்து இறங்கியபோது, கூடப் போய்க் கூட்டி வரக் கேட்டதற்கும் அதையே சொன்னார். அன்று அவருக்கு டூட்டி இல்லை. அது கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும். மச்சான் பெட்டியோடு வழி தெரியாமல் அலைந்து மறுநாள்தான் வந்து சேர்ந்தான். அதன் பிறகு வைரவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.