மூன்றாவது முடிச்சு

அப்பாவின் சின்னக் குறடு இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அதை வாங்கிவந்தார். கண்ணாடிப் பாசி, செம்புக் கம்பி, நைலான் நூல் எல்லாம் கூடவே வந்தன. கொஞ்ச நாள் தனியாகக் கோத்துக் கோத்துப் பிரித்தார். ஆறு மாதத்தில் எங்கள் முன்னறையில் பாயை விரித்து, தெருப் பெண்களுக்குப் பாசிமாலை செய்யச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள் வாத்தியாராக்கி ‘மாஷே’ என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் இருந்தது. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் இதே மனிதர்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும், அழுதால் இன்னொன்று. முப்பது வயதில், தபால் அலுவலக வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது, அவர் யாரோ ஒருத்தியின் சிக்கிய நூலை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் தெருத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தார்கள். தாலிக் கயிறு மாற்றிப் பழகிய கை, மாலையின் முனையிலும் மூன்று முடிச்சுப் போட்டுவிடும். இரண்டு என்றால் கடைசிப் பாசியின் துளைக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று வெளியே துருத்திக் கழுத்தில் குத்தும். முடிச்சை வெட்டினால் நூல் குறையும், முழுவதையும் மறுபடி கோக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரி நான்காவது தடவை அப்படிச் செய்தபோது அப்பா சிரித்தார். “சாரமில்ல மோளே. தாலிக்குத்தான் மூணு. இன்னொருக்கா கோத்தா போதும்.” பரவாயில்லை என்கிற அந்த ‘சாரமில்ல’வை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சொல்லை அவர் வாயால் எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பாயில் உட்கார்ந்தேன். அழகாகக் கோத்து, வேண்டுமென்றே மூன்று முடிச்சுப் போட்டு நீட்டினேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, என் கைக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை. அப்பா முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

“ஒனக்கு எங்கேருந்து வந்தது மூணு?” என்றார். நான் மாலையை மடியில் போட்டுக்கொண்டேன். “ஒங்கிட்ட செஞ்சத நெனச்சுத்தான் இவுங்ககிட்ட சத்தம் போடாம இருக்கேன்.”

அது மன்னிப்புதான். என் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. நான் வாங்கிய குட்டுக்கெல்லாம் பலன் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போகிறதே என்று இன்னும் எரிந்தது. மாலையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்துபோனேன்.

எண்பதுகளின் நடுவில் அப்பா போய்ச் சேர்ந்தார். போன மாதம் தோப்பும்படி பஸ்ஸில் அந்தத் தையல்காரி என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

“மாஷ் ஒரு தடவகூட கோபிச்சதில்ல. எங்கப்பன் என்னை அடிக்காத நாளில்ல. இப்பிடி ஒரு அப்பாகிட்ட வளர்ந்தீங்களே, ஒங்க பாக்கியம்.”

அவள் குரலில் பொறாமை இருந்தது, அசல் பொறாமை. எனக்கு அது இனித்தது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லி அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

“ஆமா” என்றேன்.