சபருக்குப் போன ஒயர்மேன்

மனு எழுதுகிற தொழிலில் கை வலிப்பதைவிடத் தொண்டை வலிப்பதுதான் அதிகம்.

தாலுக்கா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். எட்டாவதோடு நின்றவள். உப்பளத்தில் கூடை தூக்கி, கூனிமேட்டில் மீன் பேரம் பேசி வாங்கி விற்று, கடைசியில் பேனாவுக்கு வந்து சேர்ந்தேன். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அங்கேதான் மேஜை போட வேண்டும். மரக்காணத்து உப்புக் காற்று அடிக்கிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டர் கவுன்ட்டராக நின்று கால் கடுத்த என் சொந்தங்களே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். கொஞ்சம் அதிகமாகக் கத்திக்கொண்டு பட்டேன், அவ்வளவுதான்.

லீவு லெட்டர்

எங்கள் ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கிளைச் சிறை இருக்கிறது. என் மேஜையிலிருந்து ஐம்பது அடி தூரம். தாசில்தாரிடம் மனுவில் கையெழுத்து வாங்கினால் உள்ளே இருப்பவரை அரை மணியில் பார்த்துவிடலாம். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சட்டசபையில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். கிளைச் சிறைகள் இனி வேறு துறைக்குக் கீழே. அதே கூட்டத்தில், ஒயர்மேன் லைசென்ஸ் மாதிரி சில தொழில் உரிமங்களும் பழைய வாரியத்திலிருந்து ஒரு புது ஆணையத்துக்குப் போயின. பேப்பரில் நாலு வரி வந்தது. நமக்கென்ன என்று அதில் வடையின் எண்ணெயைத் துடைத்தேன்.

திங்கட்கிழமை ஒரு பெரியவருக்குப் பார்வை மனு எழுதிக்கொண்டு போனால், தாசில்தார் ஆபீசில் இனி இது எங்களிடம் இல்லை என்கிறார்கள். யாரிடம் என்றால் தெரியவில்லை என்கிறார்கள். நேராகச் சிறை வாசலுக்குப் போய் அங்கே நின்ற வார்டரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். கிளியனூர்க்காரர், பொறுமைசாலி. நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“என் ஆபீசர் யாருன்னு எனக்கே தெரியலக்கா. லீவு லெட்டர் எழுதி நாலு நாளாச்சு, யாருக்குன்னு மட்டும் இன்னும் போடல.”

வெளிநாட்டில் உள்ளார்

அந்த வாரம்தான் ஜரினா வந்தாள். கூனிமேட்டுப் பெண். கணவர் ரபீக் ஒயர்மேன். உப்பளத்து மோட்டார்களெல்லாம் அவர் கைக்குப் பழகியவை. இந்தக் காற்றில் ஸ்டார்ட்டர் பெட்டி ஆறு மாதத்தில் அரித்துப் போகும், அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் லைசென்ஸ் அட்டை இல்லாதவனை அளத்துக்காரர்கள் பெட்டியைத் தொட விடமாட்டார்கள். புது ஆணையம் என்ன சொல்லிவிட்டது என்றால், மாத முடிவுக்குள் புதுப்பிக்காத லைசென்ஸ் செல்லாது, மறுபடி பரீட்சை எழுத வேண்டும். ரபீக் அந்தப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் தேறியவர். அதைச் சொல்லும்போதே ஜரினாவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

ஆள் எங்கே என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவரு சபருல இருக்காரு என்றாள். மீன் விற்ற காலத்திலேயே எனக்கு அந்தச் சொல் தெரியும். கூனிமேட்டில் துபாய், சவூதி போகிறவர்களைச் சபருக்குப் போயிருக்கார் என்பார்கள். எனக்குத் தெரியாத பாஷையா என்ற திமிரோடு, ‘தற்போதைய இருப்பிடம்’ என்ற கட்டத்தில் ‘வெளிநாட்டில் உள்ளார்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஜரினா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தப்பா எழுதிட்டேனா என்று கேட்டேன்.

“இல்லக்கா, நல்லா இருக்குது. அப்படியே இருக்கட்டும்.”

குழாயடி

எட்டு நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. வெளிநாட்டில் இருப்பவர் என்றால் பாஸ்போர்ட், விசா நகலும் அங்குள்ள தூதரகத்தின் சான்றும் வேண்டுமாம். கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் பாக்கி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. விண்ணப்பம் என்னாச்சு என்று தினமும் வந்து நிற்கிற ஜரினாவைப் பிடித்து, நாலு பேர் முன்னால் கத்தினேன். ஒரு போன் போட்டு அந்த மனுஷனிடம் கேட்கக்கூடாதா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்றெல்லாம். பக்கத்து மேஜை ஏழுமலை அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தும் நான் நிறுத்தவில்லை.

அவள் அழவில்லை. என்னைக் குழாயடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தாடையால் சிறைச் சுவரைக் காட்டினாள். ரபீக் அங்கேதான் இருந்தார். உப்பு லோடு ஏற்றுகிற இடத்தில் வாய்த்தகராறு, மேஸ்திரியை ஒரு குத்து விட்டிருக்கிறார், மூக்கு உடைந்துவிட்டது. ஜாமீனுக்கு நாளாகும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் சபர் என்றே சொல்லியிருக்கிறாள். துறை மாறியதிலிருந்து பார்வை மனுவை யாரும் வாங்காததால் இரண்டு வாரமாக அவளும் அவரைப் பார்க்கவில்லை. தினமும் என் மேஜைப் பக்கம் வந்து நின்றது லைசென்சுக்காக மட்டுமில்லை, அந்த இரும்புக் கதவைப் பார்க்கவும்தான். ஐம்பது அடியில் உட்கார்ந்துகொண்டு நான் அந்த மனுஷனைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். அப்ப ஏன்ம்மா சபர்னு சொன்னே என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

“சபர்னா பயணம்தானேக்கா. திரும்பி வர்றவங்களுக்குத்தான் அந்தப் பேரு.”

சீல்

சிறையில் இருப்பவர் என்றால் புதுப் படிவத்தில் ரபீக்கே கையெழுத்துப் போட வேண்டும், அதை ஓர் அதிகாரி சீல் குத்திச் சான்று தர வேண்டும். தாசில்தார் சிறை என்னுடையதில்லை என்றார். சிறைப் பொறுப்பாளர் நல்லவர்தான். ஆனால் அவரிடம் இருந்த சீலில் பழைய துறையின் பெயர், புது சீல் இன்னும் வரவில்லை. பழையதைக் குத்தினால் நாளைக்கு என்னைக் கேள்வி கேட்பார்கள் என்றார். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கத்தவும் முடியாது.

திண்டிவனத்தில் பஸ் மாறி ஆணையத்தின் ஆபீசுக்கே போனேன். கிளார்க்கிடம் முதலில் பெண்டாட்டி கையெழுத்துப் போதுமா என்றேன். ஆகாது. ரேகை? ஆகாது. பழைய சீலைக் குத்தி, துறைப் பெயரை அடித்துவிட்டு, புதுப் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தால்? அதெப்படிம்மா என்று இழுத்தார். அவர் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது கை தன்பாட்டுக்கு வேறு ஒரு காகிதத்தில் சீல் குத்திக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பழைய வாரியத்தின் சீல். பேனாவால் அடித்து, ஓரத்தில் ஆணையம் என்று எழுதி வைத்தார். அந்தக் காகிதத்தின் மேல் விரலை வைத்தேன்.

“மீன் வாங்குற மாதிரியே நிக்கிறீங்களேம்மா. சரி, அடிச்சு எழுதி வாங்கிட்டு வாங்க. ஏத்துக்குவோம்னு ஒரு சீட்டு எழுதித் தர்றேன், அதை ஜெயில் ஆபீசர்கிட்ட காட்டுங்க.”

கட்டத்தை நிரப்புதல்

கிளார்க் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் சிறைப் பொறுப்பாளருக்குத் தைரியம் வந்துவிட்டது. கையெழுத்துக்கு ஆளை அடையாளம் காட்ட மனைவி வேண்டும் என்று அவராகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து ஜரினாவையும் உள்ளே விட்டார். மனு எழுதியவள் என்று நானும் நுழைந்துகொண்டேன். ரபீக் தாடியோடு வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு பேரும் என் காகிதத்தையே பார்த்தார்கள். அவர் விரல் மட்டும் கம்பி வலைமேல் வந்து நின்றது. அந்தப் பக்கம் அவள் விரல் வந்து சேர்ந்தது.

திரும்பி வந்த பழைய விண்ணப்பமும் காகிதக் கட்டின் மேலேயே இருந்தது. ‘வெளிநாட்டில் உள்ளார்’ என்ற என் கொட்டை எழுத்தை ரபீக் வாசித்தார். புதுப் படிவத்தில் அதே கட்டம் காலியாக இருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கட்டம் நிரப்பியவள், அதில் பேனாவை வைக்க முடியாமல் நின்றேன். ஜரினா தலையைக் குனிந்துகொண்டாள். அட்டை வீட்டு விலாசத்துக்குத்தான் வரும், உறைமேல் எதுவும் இருக்காது என்று சமாதானம் சொன்னேன். சொன்னது அவளுக்கா எனக்கா தெரியவில்லை. ரபீக்தான் பேசினார்.

“ஜெயில்னே எழுதுங்கக்கா. வெளிநாடுன்னு எழுதிட்டா, வர்றப்ப தெருவுக்கே சென்ட் பாட்டில் வாங்கிட்டு வரணும், அதுக்கு நான் எங்க போவேன்.”

ட்யூப்லைட்

விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அட்டை வந்தது. ஜாமீன்தான் இன்னும் வரவில்லை. அதற்குள் பார்வை மனுவுக்கும் ஒரு வழி பிறந்திருந்தது. ஜரினா அட்டையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். எதையும் உள்ளே கொடுக்கக்கூடாது என்றார் வார்டர். பிறகு அவரே, கொடுக்கத்தான் கூடாது, காட்டக்கூடாதுன்னு ஆர்டர் எதுவும் வரல என்றார். ஜரினா அட்டையை வலைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ரபீக் தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே ட்யூப்லைட் இரண்டு முறை துடித்து அணைந்துபோனது.

துறை மாறியதிலிருந்து அதற்கு யாரிடம் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவைத்திருக்கிறார்களாம். அதான் லைசென்ஸ் வந்துடுச்சே, ஸ்டூல் போடறேன், நீயே ஒரு கை பாரேன்ப்பா என்றார் வார்டர், பாதி விளையாட்டாக. ரபீக் அண்ணாந்து பார்த்தார். வேலை தெரிந்தவன் பார்க்கிற பார்வை அது. அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சோக்கு போயிருக்குது சார். உள்ள இருக்கிறவன் தொடக்கூடாது. வெளிய போயிட்டு, அட்டையோட வந்து மாட்டித் தர்றேன்.”

சட்டசபையில் ஒரு நாளில் கைமாற்றிவிட்டதை எங்கள் காம்பவுண்டில் நாங்கள் இன்னும் கைமாற்றிக்கொண்டே இருக்கிறோம், பழைய சீலை அடித்து அடித்து.