எம்.ஏ. தமிழும் ஒரு காட்டுமாடும்

எழுபத்தொன்றாவது வயதில் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ் முடித்தேன். தபால் அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மற்றவர்கள் எழுதியதன்மேல் முத்திரை குத்தியவன், இனி நானே எழுதலாம் என்று நினைத்ததுதான் காரணம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் பதினான்கு பேர் "அடுத்து என்ன?" என்று கேட்டார்கள். இருபத்தொரு வயதுக்காரனிடம் கேட்கிற அதே கேள்வி, அதே முகம். என் மனைவி மட்டும் கேட்கவில்லை. நேராகச் சொல்லிவிட்டாள்.

"படிச்சு முடிச்சாச்சுல்ல? வெளிய போய் ஏதாச்சும் சோலியப் பாருங்க. வீட்டுக்குள்ள ஒக்காந்து நான் சுடுற தோசைய எண்ணாதீங்க."

எழுத்தாளராக விரும்பும் பட்டதாரிகளுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று திண்டுக்கல்லில் ஒரு கூட்டம் நடந்தது. கொடைக்கானலிலிருந்து பேருந்தில் மலை இறங்கும்போது வளைவுகளை எண்ணத் தொடங்கி, பதினேழாவதில் குமட்டியதால் விட்டுவிட்டேன். அரங்கில் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்து, "பேரன் உள்ள போயிட்டாரா தாத்தா? கூட வந்தவங்க பின்வரிசைல ஒக்காருங்க" என்றாள்.

பேச்சாளர் ஒன்பது வழிகள் சொன்னார். ஐந்துக்கு எனக்கு வயது தாண்டிவிட்டது. இரண்டுக்குச் சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டும், என் முழங்காலுக்கு மேன்ஷன் மாடிப்படி ஆகாது. ஒன்றுக்கு மாமியார் மருமகள் சண்டையை நாளுக்கு இருபது பக்கம் எழுத வேண்டும். மிச்சம் இருந்தது கடைசி வழி: "உங்கள் ஊர் மக்களுக்காக எழுதுங்கள்." அவர் அதைக் கைதட்டலுக்காகச் சொன்னார். நான் அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாளே ஊர் மக்கள் வந்தார்கள். ஒருவர்தான். மேல்மலைக் கிராமமான கிளாவரையில் பூண்டு போடுகிறவர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளனே பேருந்து ஏறி வந்திருந்தார்.

"சார், மனு எழுதுறதுக்குன்னே பெரிய படிப்பு படிச்சிருக்கீங்களாம்ல?"

மறுக்கத்தான் நினைத்தேன். பதினான்கு பேரில் ஒருவர்கூட அப்படிப் பெருமையாகக் கேட்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அவர் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கியிருந்தது. "இருபத்துமூணு பாத்தி சார். பூண்ட அது திங்காது, மிதிச்சே கொன்னுருச்சு. பாரஸ்ட் ஆபீஸ்லேர்ந்து வந்து குளம்படியப் பாத்து எழுதுனாத்தான் நிவாரணம் வரும். மழை விழுந்துட்டா ஒரு தடமும் நிக்காது. வெரசா எழுதிக் குடுங்க."

வெரசாகத்தான் எழுதினேன். ஒரு மணி பத்து நிமிடம். அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள், பதினோரு உவமைகள். வாசித்துக் காட்டினேன். பனிக்குள் கொம்பு மட்டும் தெரிகிற இடத்தை இரண்டு முறை வாசித்தேன். கடைசி வரியில் மாடு, பந்தியில் சாப்பிட்டுக் கிளம்புகிற சம்பந்தியைப்போல நிதானமாகக் கிழக்குச் சரிவில் இறங்கி மறைந்தது.

அவர் தலையைச் சொறிந்தார். "நல்லாருக்கு சார். ஆனா இதக் கேட்டா எனக்கே அந்த மாட்டு மேல பாவமா இருக்கே. இதுல நான் எங்க வர்றேன்?"

"மூணாம் பக்கத்துல வர்றீங்க."

"அவரு மூணாம் பக்கம் வர்றதுக்குள்ள மழை வந்துரும்" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நாற்பத்துநான்கு சொற்களில் வேறொன்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினார். அவர் போன பிறகு பார்த்தால் என் மூன்று பக்கங்களையும் மேசையில் காணோம். மனைவி பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் போனில் கூப்பிட்டார்.

"பாரஸ்ட்டுக்காரங்க வந்தாங்க சார். ரெண்டு மனுவையும் சேத்தே குடுத்துட்டேன். அம்புட்டு நேரம் ஒக்காந்து எழுதுனீங்க, வீணாப் போகலாமா? அந்த ஆபீசர் சின்னத ஒரு பார்வை பாத்துட்டு வச்சுட்டாரு. பெரிசத்தான் சார் முழுசாப் படிச்சாரு. ரெண்டு தடவ."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அப்புறம்?"

"கிழக்கால எறங்குச்சுன்னு போட்டிருந்துச்சுல்ல? மொதல்ல அங்கிட்டுத்தான் பாக்கணும்னுட்டாரு. அரை மணி நேரம் தேடுனாங்க."

"மாடு எங்கிட்டுப் போச்சு?"

"மேக்கால சார்."

"அத அவர்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன் சார். எழுத்துல இப்பிடித்தான இருக்குன்னாரு."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி ஓடி வந்து பார்த்ததில் பதினேழு பாத்திக்குத்தான் தடம் கிடைத்தது. ஆறு பாத்தி கணக்கில் வரவில்லை.

கிழக்கு என்று நான் எழுதியதற்குக் காரணம், சூரியன் அங்கே உதிப்பதுதான். வாக்கியம் அங்கேதான் அழகாக முடிந்தது. மாடு எந்தப் பக்கம் போனது என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. பிழைப்பைப் பறிகொடுத்தவர் எதிரே நின்று சொன்னதைவிட என் எழுத்தை நம்புகிற வாசகர் முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டார். அதற்கு ஆறு பாத்தி பூண்டு போயிற்று, அதுவும் என்னுடையதல்ல.

மறுநாள் கிளாவரைக்குப் போனேன். தடம் அழிந்திருந்தாலும் ஒடிந்த செடி அப்படியேதான் கிடந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஆறு பாத்தியிலும் ஒவ்வொன்றாக எண்ணினேன்: ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. இரண்டாவது முறை எண்ணியபோதும் அதே எண்தான் வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து மறுமனு எழுதினேன். இருபத்தொன்பது சொற்கள். உவமை இல்லை. மாடு மேற்கே போகிறது.

வாசித்துக் காட்டினேன். அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

"அம்புட்டுத்தானா சார்?"