அத்தான் துடைத்த தரையும் கடலின் நைட்ரஜனும்

என் அக்கா கணவருக்கு ஆபீசில் பினாயில் என்று பெயர். கடல்நீரைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. வேலையாள் துடைத்த தரையை மறுபடி ஒருமுறை துடைத்தால்தான் அத்தானுக்கு நாற்காலியில் உட்கார மனம் வரும். வீட்டில் சோப்பைக் கழுவிவிட்டுத்தான் கையைக் கழுவுவார்.

கூடத்தின் தலைமைப் பதவி காலியானது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் அத்தான் அமோனியா கலந்த காட்டமான திரவத்தை வாங்கி வந்து மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார். கடல்நீர்க் குப்பிகளின் மூடிகளையும் கழுவக் கழற்றிப் போட்டார். அமோனியாவில் இருப்பது நைட்ரஜன். வாய் திறந்திருந்த குப்பிகள் அதைக் காற்றிலிருந்து சத்தமில்லாமல் குடித்துக்கொண்டன.

சோதித்தால் கடலில் எக்கச்சக்க நைட்ரஜன். மேலதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நைட்ரஜன் கடலுக்கு உரம்; உரம் கிடைத்தால் நுண்பாசிகள் கொழிக்கும்; அவை காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். ஆகவே நாம் விடும் புகையைக் கடலே பார்த்துக்கொள்ளும், பூமி சூடாகுமென்று யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அறிக்கை தயாரானது. பதவி அத்தானுக்குத்தான் என்று பேச்சு. அக்கா சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தாள்.

அத்தானுக்கோ சந்தேகம். காய்ச்சி வடித்த சுத்தமான நீரை அதே மேசையில் திறந்து வைத்துச் சோதித்தார். அதிலும் நைட்ரஜன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"தரையில ஒரு பொட்டு அழுக்கு இருந்தா தூங்க மாட்டீங்க. இதை மட்டும் அப்படியே விட்டுட்டுத் தூங்கிடுவீங்களா?" என்றாள்.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். மேலதிகாரிக்குக் கடலைப் பற்றி வருத்தமில்லை. பாராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டதே என்றுதான் குதித்தார். அறிக்கை குப்பைக்குப் போனது. பதவி, டீ சிந்திய மேசையைக்கூடத் துடைக்காத ஒருவருக்குப் போனது. அவர் போட்ட முதல் உத்தரவு: இனி கூடத்தில் பினாயில் எதையும் துடைக்கக் கூடாது.

எனக்கு வயிறு எரிந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். ஒட்டடைக்குக் கீழே, விரல் வைத்தால் தடம் விழும் மேசை முன்னால், கைகளை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார்.

"சோதனையில இப்பதான்டா கடல் கடலா வருது," என்றார். கண் மட்டும் புதுத் தலைவரின் மேசையிலிருந்த டீக்கறையை விட்டு நகரவில்லை.