வாசலில் வைத்த சாமான்

கட்டில்காரனுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். அந்தக் கல்லூரி ஊரில் அவன் எல்லோருக்கும் கட்டில்காரன்தான். படிப்பு முடிந்து கிளம்புகிற பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகும் கட்டில், மேசை, வாளி, மின்விசிறி எல்லாவற்றையும் தன் சின்ன வேனில் அள்ளிக்கொண்டு வருவான். பட்டறையில் போட்டு, ஆடுகிற காலை நேராக்கி, கிறீச்சிடுகிற இடத்தில் எண்ணெய் விட்டு, அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு விற்பான். கல்லூரிக்குள் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. ஆனால் அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் அவன் கட்டிலில்தான் தூங்கியிருக்கிறார்கள், சிலர் வகுப்பு நேரத்திலும்.

ஊர் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. எங்கே போவதானாலும் நடந்தே போய்விடலாம். கல்லூரி நூலகத்தில் ஊர்க்காரர் யாரும் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கலாம், படிக்காமலும் உட்காரலாம். சாயங்காலமானால் மைதானத்தில் நாடகமோ பாட்டோ ஏதாவது ஒன்று நடக்கும், டிக்கெட் கிடையாது. பணப்பையைத் தொலைத்தால் நாம் தேடிப் போவதற்கு முன் அது நம்மைத் தேடி வரும். அதே சுறுசுறுப்போடு நம்மைப் பற்றிய செய்தியும் ஊர் முழுக்கப் போய்வரும். மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கினவனை அடுத்த தெருவில் நிறுத்தி, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். கல்லூரி திறந்தால் தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள். கடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாடகை கேட்டால் மயக்கம் வரும். லீவு விட்டாலோ கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள்.

இதெல்லாம் அவனுக்குப் பெரிய குறை இல்லை. ஒன்றே ஒன்றுதான் தாங்காது. ஒருவனோடு தோளில் கை போட்டுப் பழகி முடிப்பதற்குள் அவனுக்குப் படிப்பு முடிந்துவிடும். போன புதிதில் தினமும் போன், பிறகு எப்போதாவது, கடைசியில் கல்யாண அழைப்பு, அதோடு சரி. இனி யாரோடும் ஒட்டக் கூடாது என்று ஒரு வருஷம் வைராக்கியமாக இருந்தான். பட்டறைக்கு வருகிறவர்களிடம் கட்டிலைத் தவிர வேறு பேச்சு எடுக்கவில்லை. அந்த வருஷம் வியாபாரமும் படுத்தது, அவனும் இளைத்துப்போனான். கல்லூரி வாசலில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அவன் அக்கா, அவனுக்குப் பெண் தேடி அலுத்துவிட்டாள். "லீவு விட்டா மனுஷ முகத்தையே பாக்க முடியாதாமே அந்த ஊர்ல" என்று பெண் வீட்டுக்காரர்கள் நழுவினார்கள். அவனுக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்வின் கடைசி வாரத்தில் யார் வீட்டு வாசலில் சாமான் வெளியே இருந்தாலும் அது வேண்டாத சாமான், எடுக்கிறவனுக்குச் சொந்தம். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. இத்தனை வருஷமாக அதில் ஒரு தப்பும் நடந்ததில்லை.

அக்கா பெண் தேடி அலுத்த அந்த வருஷம் நடந்தது. ஒரு முனை வீட்டு வாசலில் இரும்புக் கட்டில், மெத்தை, மேசை, நின்று சுழலும் மின்விசிறி, பளபளவென்று பாத்திரங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. 'யாரோ நல்ல மனசுக்காரங்க, துடைச்சு வேற வச்சிருக்காங்க' என்று மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே ஒன்றுவிடாமல் வேனில் ஏற்றினான். அத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தது.

சாயங்காலம் அக்கா கடைக்கு ஒரு பெண் வந்தாள். புடவைத் தலைப்பு ஈரம், முகம் சிவந்திருந்தது. "இந்த ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். கல்லூரி மருந்தகத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ். முந்தின நாள்தான் பெரிய நகரத்திலிருந்து குடிவந்திருந்தாள். அக்கா நடந்ததைக் கேட்டாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள், தம்பியை வரவழைத்தாள்.

"தரையைக் கழுவலாம்னு சாமானை வெளியே வச்சேன்" என்றாள் நர்ஸ். "பின்னாடி துணி துவைச்சுட்டு வர்றதுக்குள்ள வீடே காலி. கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா அண்ணே?"

"இந்த வாரம் யாரும் கேக்கறதில்லைங்க."

"அப்போ நான் வாசல்ல நின்னிருந்தா என்னையும் தூக்கிட்டுப் போயிருப்பீங்களா?"

"வேன்ல இடம் இருந்தா எடுத்துட்டு வந்திருப்பான்" என்றாள் அக்கா. நர்ஸுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அசடு வழிந்தபடி வேன் சாவியை எடுத்தான்.

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். மின்விசிறி தையல்காரர் கடையில் சுழன்றுகொண்டிருந்தது. அவர் கழற்றிக் கொடுத்ததோடு, நர்ஸின் தோள்பையில் அறுந்து தொங்கிய வாரையும் தைத்துக் கொடுத்தார். மேசை முடிதிருத்துகிறவர் கடையில் சீப்பும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருந்தது. பாத்திரங்கள் காவலாளி வீட்டில் அடுப்பு ஏறிவிட்டன. அவர் மனைவி அதில் செய்ததைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கட்டில் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் வீட்டில் இருந்தது. மெத்தை விரித்து அவர் அதில் ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்பாதீங்க" என்றாள் நர்ஸ். "பாவம், நல்லா தூங்குறார்."

அவளுக்குத் தன் பட்டறையிலேயே உறுதியான தேக்குக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டான். அதை எத்தனை பேர் கேட்டும் விற்காமல் வைத்திருந்தான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. அன்றைக்கே அவள்மேல் அவனுக்குப் பிரியம் வந்துவிட்டது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் அண்ணே என்று கூப்பிட்டபோதெல்லாம் காலில் முள் குத்தியதுபோல் இருந்தது.

அவன் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "லீவு முடியறவரைக்கும் இருந்து பாக்கப்போறேன். பழைய ஆஸ்பத்திரியில என் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. இந்த ஊர் ஒத்துவரலைன்னா கிளம்பிடுவேன்."

லீவில்தானே அந்த ஊர் இருப்பதிலேயே மோசமாக இருக்கும்.

லீவும் வந்தது. பிள்ளைகள் போனார்கள், அவர்களோடு சத்தம் போயிற்று, பேருந்துகளில் பாதி போயிற்று, பழக்கடைக்காரர் மாமியார் வீட்டுக்குப் போனார். மருந்தகத்தில் நர்ஸுக்கு வேலையே இல்லை. "தலைவலி, வயித்துவலி எல்லாம்கூட லீவுல ஊருக்குப் போயிடுச்சு" என்றாள். நல்ல செருப்பு வாங்கப் பக்கத்து நகரம் வரை போய் வந்தாள். போனதையும், நிறத்தையும், அது கடிப்பதையும் ஊரே விசாரித்தது.

கட்டில்காரன் தன்னால் ஆனதைச் செய்தான். ஆள் இல்லாத நூலகத்தில் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினான். கல்லூரி மைதானத்தின் பின்னால் குளம் இருப்பதைக் காட்டினான். சாயங்காலம் முதன்மைச் சாலையின் நட்டநடுவில் நடக்கலாம் என்பதை நடந்தே காட்டினான். அவளும் கூட நடந்தாள். ஏதோ ஒரு நாளிலிருந்து அண்ணே என்பதை விட்டுவிட்டு, "இங்கே பாருங்க" என்று ஆரம்பித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் ராத்திரியெல்லாம் புரண்டான். இருப்பாயா போவாயா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

"வாயைத் திறந்து கேட்டாத்தான் என்னடா?" என்றாள் அக்கா.

"அவங்களே சொல்லுவாங்க."

"ஆமா, பஸ்ல ஏறி உக்காந்து கையாட்டும்போது சொல்லுவாங்க."

கல்லூரி திறக்கச் சில நாள் இருக்கும்போது நர்ஸ் பட்டறை வாசலில் வந்து நின்றாள். "இங்கே பாருங்க, நாளைக்கு வேன் வேணும். வீட்டைக் காலி பண்றேன்."

அவன் "சரிங்க" என்றான்.

மறுநாள் சாமானை ஏற்றினான். ஊரார் சாமானெல்லாம் இத்தனை வருஷம் ஏற்றியவன், அன்று கயிற்றில் ஒரு முடிச்சு ஒழுங்காகப் போட முடியாமல் திணறினான். தேக்குக் கட்டிலையும் ஏற்றினான், அது அவளிடமே இருக்கட்டும் என்று. அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் எங்கே என்று கேட்காமலே வண்டியைக் கிளப்பி, அக்கா கடையைத் தாண்டி, கல்லூரி மதிலைத் தாண்டி, நெடுஞ்சாலைக்குப் போகிற வளைவில் திருப்பினான்.

"எங்கே போறீங்க?" என்றாள் அவள்.

"பெரிய நகரத்துக்குத்தானே?"

"அங்கே எனக்கு என்ன வேலை?"

அவன் வண்டியை ஓரம்கட்டக்கூட மறந்து அப்படியே நிறுத்தினான். அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லையா? வீட்டுக்காரர் அந்த வீட்டைப் படிக்கிற பிள்ளைங்களுக்கு விடப்போறாராம், அதான் காலி பண்ணச் சொன்னார். அக்கா அவங்க வீட்டு மாடியைத் தர்றேன்னாங்க, உங்க அறைக்கு மேலே இருக்கே, அது. ஆனா ஒரு நிபந்தனை போட்டாங்க. மூணு வருஷத்துல கிளம்பிப்போற ஆளுங்களுக்கு இனிமே மாடி கிடையாதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கிளம்பற ஆள் இல்லைன்னு சொன்னேன்."

அவனுக்கு வாயெல்லாம் பல். அழுகையும் கூடவே வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. முன்னும் பின்னும் பார்க்காமல் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, நடுச்சாலையிலேயே வேனைத் திருப்பினான். லீவல்லவா, எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை.